அடைமழைக் காலத்துக்கு இரண்டு முளை

கேள்வி எழுதிய அம்மிணிக்கு வணக்கம். திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது வெளிநாட்டு பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் வேலை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு குழந்தைகள், வீட்டுக்காரருக்குத் துணிக்குச் சாயம் போடும் டையிங்கில் ஷிப்ட். புரட்டாசி முடிந்ததும் உடம்பு கனத்துப்போகிறது, காரணம் தெரியாமல் அழுகை வருகிறது, ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் கண் மூடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இலையுதிர்காலத்துக்கு என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் மெழுகுவத்தியும் கம்பளிச் சட்டையும் பரங்கிக்காய் பானமும் நம் ஊருக்கு ஒட்டவில்லை, கொங்கு நாட்டுக்குத் தகுந்த மாதிரி உடம்பையும் மனசையும் ஆற்றிக்கொள்ள ஒரு வழக்கம் சொல்லுங்கள் என்பது உங்கள் கேள்வி.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் 31 வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தக் கேள்வியை எத்தனையோ வீட்டு நடையில் நின்று, வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறேன். "மழை புடிச்சா எனக்கு ஒண்ணும் ஓடமாட்டேங்குதுங்க" என்பார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பருவத்தைப் பார்ப்போம். ஐப்பசி நமக்கு இலை உதிரும் காலமே இல்லை. காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டு (மாடு மேயும் வானம் பார்த்த புல்வெளி) வேலியைப் பாருங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வாரியடிக்கும்போது கிளுவை வெறும் குச்சியாக நிற்கும். ஐப்பசியில் இரண்டு மழை இறங்கட்டும், அதே குச்சியில் இலை பொடித்துவிடும். கொழுக்கட்டைப் புல் தழைத்துவிடும். மூலனூர்ப் பக்கம் கண்வலிப் பூ செக்கச் செவேலென்று கிடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறோம், அதனால் நமக்கு அதிக மழை கிடைப்பது அக்டோபரிலும் நவம்பரிலும்தான். வெளிநாட்டில் மரம் தன்னைச் சுருக்கிக்கொள்ளும் அதே மாசத்தில் இங்கே நிலம் கண் திறக்கிறது. பழைய கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம்.

வெளிச்சக் கணக்கும் வேறு. குளிர்காலத்தில் பகல் குறைவதால் வரும் மனச்சோர்வை 1984-ல் அமெரிக்காவில் நார்மன் ரோசென்தாலும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு நோயாக விவரித்தார்கள். லண்டன் மாதிரி ஊரில் கோடைப் பகல் பதினாறு மணி நேரத்துக்கு மேல், டிசம்பர்ப் பகல் எட்டு மணி நேரத்துக்குள். கோயம்புத்தூர், திருப்பூர் இருக்கும் 11 டிகிரி அட்சரேகையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் மட்டும். ஆனி மாசம் ஆறே முக்காலுக்கு மறையும் சூரியன் கார்த்திகை பிறக்கும்போது ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்பே மறைந்துவிடும். வருஷத்திலேயே சீக்கிரம் பொழுது சாய்வது நமக்கு அந்த வாரங்களில்தான். இருந்தாலும் இந்த ஐம்பது நிமிஷம் மட்டும் ஒருவரை அழவைக்காது. உங்கள் கனத்துக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டை உங்கள் கேள்வியிலேயே பார்த்தேன்.

ஒன்று ரத்தம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019-21-ல் எடுத்தது, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை என்று சொல்கிறது. உடம்பு கனம், மாடி ஏறினால் மூச்சு வாங்கல், சிடுசிடுப்பு, கால் இழுப்பு எல்லாம் அதனாலும் வரும். தைராய்டு குறைந்தாலும் இதே அறிகுறிகள், கூடவே அழுகையும் குளிர் தாங்காமையும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பக்கத்து லேபிலோ ஹீமோகுளோபினும், தைராய்டுக்கான டிஎஸ்எச் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் எந்த வழக்கமும் பாதிதான் வேலை செய்யும். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினால் மூன்று மாசம் விடாமல் போடுங்கள், அதை டீயோடு மட்டும் விழுங்காதீர்கள். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். இதைச் சொல்லாமல் எண்ணெய், விளக்கு என்று ஆரம்பித்தால் நான் 31 வருஷம் பார்த்த வேலைக்கு அர்த்தம் இல்லை.

இன்னொன்று கடிகாரம். என் மருமகளும் உங்களைப் போல மெர்ச்சண்டைசர்தான். அவளைப் பார்த்துத்தான் இது எனக்கு விளங்கியது. ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதுவரை ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், அன்றிலிருந்து நாலரை மணி நேரம். அங்கே பையர் சாயந்திரம் ஐந்து மணிக்கு அனுப்பும் மெயில் செப்டம்பரில் உங்களுக்கு ராத்திரி எட்டரைக்கு வந்தது. நவம்பரில் ஒன்பதரைக்கு வருகிறது. லண்டன் பையர் என்றால் பத்தரை. யாரும் உங்களிடம் வேலை நேரத்தைக் கூட்டியதாகச் சொல்லவில்லை, ஆனால் உங்கள் ராத்திரி ஒரு மணி நேரம் தள்ளிப்போய்விட்டது. அதுவும் தீபாவளி போனஸ், ஊருக்குப் போன டெய்லர்கள் திரும்பாத கவலை, தேங்கிய ஷிப்மென்ட் எல்லாம் சேரும் அதே வாரங்களில். அவர்களுடைய இலையுதிர்காலம் உங்கள் வீட்டுக்குள் வரும் வழி அதுதான். மனசு பலவீனம் என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

இப்போது வழக்கத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் மாட்டை மேய்ச்சலுக்குக் கட்டுபவர்கள் மாடு கால் வைக்கும் இடமெல்லாம் வேலி போடுவதில்லை. ஒரு முளை அடித்துக் கயிறு கட்டிவிட்டால், கயிறு எட்டும் தூரத்துக்குள் அது தன் விருப்பப்படி மேய்ந்துகொள்ளும். நாளையும் அப்படித்தான் கட்டவேண்டும். காலை நாலரைக்குத் தியானம், ஐந்துக்கு யோகா, ஐந்தரைக்கு நாட்குறிப்பு என்று எழுதிக்கொண்டவர்கள் பத்தாம் நாள் மழையில் எல்லாவற்றையும் கைவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு இரண்டு முளை போதும். காலையில் வெளிச்சத்தில் நிற்பது ஒன்று. சாயந்திரம் விளக்கு வைக்கும் நேரம் இன்னொன்று.

காலை முளை. தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, ஆறரையிலிருந்து ஏழுக்குள் இருபது நிமிஷம் வீட்டுக்கு வெளியே இருக்கவேண்டும். மொட்டை மாடி போதும், வாசல் போதும். டீ குடிக்கலாம், துணி உலர்த்தலாம், செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றலாம். கையில் போன் மட்டும் வேண்டாம். மேகமாக இருக்கிறதே, வெயிலே இல்லையே என்று உள்ளே உட்கார்ந்துவிடாதீர்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சம் 100 முதல் 300 லக்ஸ் தேறும். பொழுது ஏறிவிட்டால் வானம் மூடியிருந்தாலும் வெளியே ஆயிரக்கணக்கில் லக்ஸ் கிடைக்கும். நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது காலையில் கண்ணில் படும் வெளிச்சம். காலையில் வெளிச்சம் பட்டால் ராத்திரி தூக்கம் நேரத்துக்கு வரும். ராத்திரித் தூக்கத்தை ராத்திரியில் தேடினால் கிடைக்காது, காலையிலேயே விதைக்கவேண்டும்.

இதில் உங்களுக்கு ஒரு சௌகரியமும் இருக்கிறது. கடிகாரம் பின்னால் போனபிறகு ஜெர்மன் ஆபீஸ் காலை ஒன்பதுக்குத் திறக்கும்போது நமக்கு மதியம் ஒன்றரை. அதாவது மதியச் சாப்பாடு வரை பையர் யாரும் உங்களைத் தேடமாட்டார்கள். யோசித்துச் செய்யவேண்டிய வேலையைக் காலையில் முடித்துவிடுங்கள். மேனேஜரிடம் பேசி, ராத்திரி மெயிலை இரண்டு மூன்று பேர் முறை வைத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு செய்யுங்கள். என் மருமகள் கம்பெனியில் நான்கு பேர் முறை வைத்தார்கள், வாரத்தில் நான்கு ராத்திரி அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. "உங்கள் நேரம் ஐந்து மணி எங்களுக்கு ராத்திரி ஒன்பதரை, காலையில் முதல் வேலையாகப் பதில் தருகிறோம்" என்று ஒரு வரி எழுதினால் கோபித்துக்கொள்ளும் பையர் குறைவு என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் நஞ்சராயன் குளத்துக்குப் போய் வாருங்கள். ஏறக்குறைய 125 ஹெக்டேர் குளம், பறவைகள் சரணாலயம், 2024-ல் முக்கியமான ஈரநிலங்களுக்கான உலகப் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அக்டோபரிலிருந்து வடக்கேயிருந்து வலசை வரும் பறவைகள் இறங்க ஆரம்பிக்கும். கரையில் நடந்தால் உங்கள் கண் தானாகத் தூரத்தைப் பார்க்கும். வாரம் முழுக்க எக்செல் ஷீட்டையும் துணிக் குறைகளையும் பார்த்த கண்ணுக்கு அது பெரிய ஆறுதல். ஈரோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு வெள்ளோடு பறவைகள் சரணாலயம் இருக்கிறது.

சாயந்திர முளையைப் பற்றிச் சொல்ல என் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். 2017 ஐப்பசியில் தமிழ்நாடு முழுக்க டெங்கு. தினமும் வீடு வீடாகப் போய்த் தொட்டியும் டிரம்மும் பார்ப்பது, சாயந்திரம் கணக்கு எழுதுவது, ராத்திரி போனில் அறிக்கை கொடுப்பது. விடிகாலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும், எந்த வீதியில் எத்தனை காய்ச்சல் என்று எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் ஒரு கைக்குழந்தைக்கு ஊசி எடுத்தபோது என் கை நடுங்கியது. ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கூட இருந்த செவிலியரைப் போடச் சொன்னேன். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் பக்கத்துத் தோட்டத்து ஆத்தா மடக்கி, "வெளக்கு வெக்கற நேரத்துல இப்படி நடையில நிக்கப்படாது அம்மிணி, வந்து உக்காரு" என்று கூப்பிட்டார். திண்ணையில் உட்கார்ந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. அகலில் நல்லெண்ணெய் ஊற்றினார், பழைய வேட்டிக் கிழிசலைத் தொடையில் வைத்துத் திரித்தார், ஏற்றினார். மழை ஓய்ந்து ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சுடர் ஒருதரம் குனிந்து, பிறகு நிமிர்ந்து நின்றது. சுக்குமல்லிக் காப்பி கொடுத்தார். பத்து நிமிஷம் இருக்கும். மறுநாளும் போனேன். கார்த்திகை முடியும்வரை போனேன். மூன்று மணி முழிப்பு ஒரே நாளில் நிற்கவில்லை, இரண்டு மூன்று வாரத்தில் தேய்ந்து நின்றது.

அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன நடந்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். பகலுக்கு ஒரு முடிவு கிடைத்தது. தறியோட்டிக்குச் சங்கு ஊதும், மாட்டுக்காரருக்குக் கட்டுத்தறி இருக்கும். நம்மைப்போல எழுத்து வேலையும் போன் வேலையும் பார்ப்பவர்களுக்கு வேலை முடிந்தது என்று சொல்ல எதுவுமே இல்லை. விளக்கு அதைச் சொல்கிறது. சாமி நம்பிக்கை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் ஒரு சுடரும் ஒரு டம்ளர் சூடான பானமும் உங்களுக்கு உதவும். ஆபீசிலிருந்து ஏழு மணிக்கு வந்தால் ஏழுக்கு வையுங்கள், ஆறு மணியாக இருக்கவேண்டும் என்பதில்லை. தினமும் அதே நேரமாக இருந்தால் சரி. கார்த்திகை பிறந்துவிட்டால் மாசம் முழுக்க வாசலில் விளக்கு வைக்கும் வழக்கம் நமக்கு இருக்கவே இருக்கிறது. அதை ஒரு மாசம் முன்னாலேயே ஐப்பசியில் தொடங்கிவிடுங்கள்.

விளக்கின் முன்னால் ஐந்து நிமிஷம் மூச்சைப் பாருங்கள். ஐந்து எண்ணும்வரை உள்ளே, ஐந்து எண்ணும்வரை வெளியே, நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. 2001-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இத்தாலி ஆய்வாளர்கள் ஒன்றை எழுதினார்கள். லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும் யோக மந்திரம் சொன்னாலும் மனிதர்களின் மூச்சு தானாக நிமிஷத்துக்கு ஆறாக இறங்குகிறது, இதயத் துடிப்பும் அதனோடு ஒத்திசைகிறது என்று கண்டார்கள். எண்ணிக்கொண்டு மூச்சு விடப் பிடிக்காவிட்டால் மெதுவாக நாமாவளி சொல்லுங்கள், பாட்டு முணுமுணுங்கள். குழந்தைகளையும் மடியில் வைத்துக்கொண்டு செய்யலாம்.

அதற்குப் பிறகு வீட்டில் பெரிய லைட்டைக் குறைத்துவிடுங்கள். போனைச் சமையலறையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டுப் படுக்கப் போங்கள், அலாரத்துக்கு நூறு, இருநூறு ரூபாய்க் கடிகாரம் போதும். மூன்று மணிக்கு மேல் டீ, காப்பி வேண்டாம். குடித்த காப்பியின் வேகம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் பிடிக்கும். சாயந்திரம் சுக்குமல்லி குடியுங்கள். சுக்கு, கொத்தமல்லி விதை, நாலு மிளகு தட்டிப் போட்டுக் கருப்பட்டியில் கொதிக்கவிட்டால் முடிந்தது. திருப்பூரில் சைக்கிளில் கேன் கட்டி விற்கிறார்களே, அதில் சிலர் காப்பித்தூளும் சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து வரும் வாரத்தில் அவருக்கு இந்தக் காலை வெளிச்சம் வேண்டாம். அவர் வரும்போது கண்ணுக்குக் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும், ஜன்னலுக்குக் கனமான சென்னிமலைப் போர்வையைத் திரையாகக் கட்டி இருட்டாக்கிக் கொடுங்கள். ஒரே வீட்டில் இரண்டு கடிகாரம் ஓடுகிறது என்று தெரிந்தாலே பாதிச் சண்டை குறையும்.

இனி எண்ணெய்க் குளியல். இதைப் பற்றி எழுத எனக்கு ஆசை அதிகம். எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி வீட்டில் ஐப்பசி, கார்த்திகையில் இது வாரம் தவறாது. இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெயைக் காயவைத்து ஐந்தாறு மிளகும் கொஞ்சம் சீரகமும் போடுவார். மிளகு 'டப்'பென்று வெடித்ததும் இறக்கிவிடுவார். கை பொறுக்கும் சூட்டில் முதலில் உச்சியில் ஒரு குழிக்கை ஊற்றி, அது உள்ளே போகும்வரை தட்டுவார். பிறகு காதுமடல், கழுத்துப் பின்புறம், தோள், கடைசியாக உள்ளங்கால். உள்ளங்காலுக்கு வரும்போது நாங்கள் பாதித் தூக்கத்தில் இருப்போம். தேய்க்க அரப்பு. உசிலை இலையை நிழலில் உலர்த்தி இடித்த பொடி அது. வெந்நீரில், சில சமயம் சோறு வடித்த கஞ்சியில், குழைத்தால் பச்சை வாசனையோடு நுரை வரும். கண்ணில் பட்டால் எரியும், அதனால் "கண்ண மூடு, கண்ண மூடு" என்று சத்தம் போட்டுக்கொண்டே தேய்ப்பார். இன்றைக்கும் அரப்பு வாசனை வந்தால் என் தோள் தானாகத் தளர்கிறது. உங்கள் குழந்தைகளுக்கும் அப்படி ஒரு வாசனை உடம்பில் பதியட்டும்.

பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளிதான் எண்ணெய் என்று உங்கள் அத்தை சொல்லக்கூடும். உங்களுக்கு விடுமுறை ஞாயிறு, ஆகவே ஞாயிற்றுக்கிழமையே தேயுங்கள். தேய்க்காமலே விடுவதைவிட அது மேல். அவசரமாக அரை மணி நேரத்தில் முடிக்கும் வெள்ளிக்கிழமைக் குளியலில் உடம்பு ஆறாது. எண்ணெய் தேய்த்த அன்று பகலில் தூங்கக்கூடாது என்பார்கள், அதை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு வரும் சொகமான அசதியைப் பகலில் செலவழித்துவிட்டால் ராத்திரிக்கு மிச்சம் இருக்காது. மற்ற நாட்களில், படுப்பதற்கு ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் மேலுக்குக் குளித்தால் போதும். வெந்நீர் தோலுக்கு ரத்தத்தை இழுக்கிறது, பிறகு உடம்பின் உள்சூடு இறங்குகிறது, அந்த இறக்கம்தான் தூக்கத்தை அழைத்துவருகிறது.

செவிலியராக நான் சண்டை போட்டுக்கொண்டே இருந்த விஷயம் ஒன்று. கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். சளிக்கு என்று கற்பூரம் கலந்த எண்ணெயைக் குழந்தைக்குத் தடவவும் வேண்டாம், கற்பூரம் குழந்தைகளுக்கு வலிப்பு வரவைக்கும். ஆவி பிடிக்கும்போது கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தையின் மடிக்குப் பக்கத்தில் வைத்து, கவிழ்ந்து, தொடை வெந்துபோய் வந்தவர்களை ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்த்தேன். காய்ச்சலோ வீசிங்கோ இருக்கும்போது பெரியவர்களுக்கும் எண்ணெய்க் குளியல் வேண்டாம்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் சொல்லமாட்டேன். நம் சமையலே இந்தப் பருவத்துக்கென்று அமைந்ததுதான். ராத்திரிக்குச் சீக்கிரம், சூடாக, எளிதாக. அரிசிம்பருப்புச் சாதமும் ஒரு கரண்டி ஊத்துக்குளி நெய்யும், அல்லது ராகிக் களியும் கொள்ளுப் பருப்பும். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, பெண்களுக்கு அது தேவை. வாரம் ஒருநாள் செலவு ரசம் வையுங்கள். கொத்தமல்லி, மிளகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை, ஒரு துண்டு ஈரோட்டு மஞ்சள் எல்லாம் வறுத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, அம்மியில் ஓட்டிப் பாருங்கள். மிக்ஸியில் அரைத்தாலும் ருசி ஒன்றும் போய்விடாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் அம்மிக் குழவியை முன்னும் பின்னும் தள்ளுவது தனி நிம்மதி, அந்த நேரத்தில் வேறு எதையும் நினைக்க முடியாது. கோழி போட்டாலும் போடாவிட்டாலும் அந்த ரசம் குடித்தால் நெற்றியில் வேர்வை பூக்கும். மஞ்சள் மாத்திரை, மஞ்சள் கேப்ஸ்யூல் என்று விற்பதையெல்லாம் வாங்காதீர்கள். அளவு கூடினால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கிறது. ரசத்தில் போடும் மஞ்சள் போதும்.

தன்னைக் கவனித்துக்கொள்வது என்றால் முகத்துக்கு ஏதாவது பூசிக்கொள்வது என்று படம் போடுகிறார்கள். இந்த மாசங்களில் என் கணக்கில் அதைவிடப் பெரியது வாரம் ஒருநாள் டிரம் கழுவுவது. திருப்பூரில் குழாய்த் தண்ணீர் நாள் இடைவெளி விட்டுத்தான் வருகிறது, எல்லோர் வீட்டிலும் டிரம் நிறைந்து நிற்கிறது. டெங்குக் கொசு அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும், முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள். முட்டை டிரம்மின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது, தேங்காய் நாரால் தேய்க்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் ஊறும் அரை மணி நேரத்தில் குழந்தைகளோடு சேர்ந்து இதைச் செய்துவிடலாம். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை போடாதீர்கள். இரண்டு நாளில் குறையாவிட்டால் ரத்தம் பாருங்கள். நிலவேம்புக் கஷாயம் குடிப்பவர்கள் குடியுங்கள், ஆனால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதெல்லாம் எத்தனை நாள் நிற்கும் என்று சந்தேகம் வரும். கார்த்திகை முதல் தேதி மாலை போடும் ஐயப்ப சாமிகளைப் பாருங்கள். வருஷம் முழுக்க எட்டு மணிக்கு எழுந்தவர் 41 நாள் நான்கு மணிக்குக் குளிக்கிறார். பலர் சிகரெட்டைக்கூட விட்டுவிடுகிறார்கள். அவரால் எப்படி முடிகிறது? காலைப் பூஜை, மாலைப் பூஜை என்று இரண்டே நேரம். கழுத்தில் ஒரு அடையாளம். "சாமி" என்று கூப்பிட்டு ஒத்தாசை செய்ய நாலு பேர். எப்போது முடியும் என்று தெரிந்த ஒரு கெடு. இந்த நான்கையும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பழக்கம் தானாக நடக்க ஆரம்பிக்க எத்தனை நாள் ஆகும் என்று லண்டனில் ஆராய்ந்தார்கள், சராசரி 66 நாள் என்று வந்தது. சிலருக்கு 18 நாளிலேயே வந்துவிட்டது, சிலருக்கு 250 நாளுக்கு மேலும் ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒருநாள் தவறினால் கெட்டுப்போவதில்லை என்பதும் அதிலேயே தெரிந்தது. ஐப்பசி முதல் தேதி தொடங்கினால் கார்த்திகை முடியும்போது 59 அல்லது 60 நாள். மார்கழி முதல் வாரத்தில் 66. அப்போது வாசல் கோலம் வந்து உங்களைக் காலையில் எழுப்பிவிடும்.

வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். "விளக்கு வெக்கற நேரத்துல அம்மா பத்து நிமிஷம் யாருக்கும் பதில் சொல்லமாட்டேன்" என்று குழந்தைகளிடம் சொல்லுங்கள். முதல் வாரம் கேட்கமாட்டார்கள். இரண்டாம் வாரம் பக்கத்தில் வந்து உட்காருவார்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். ரத்தத்தில் குறை இல்லை, இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் அழுகை, பிடித்ததில்கூட ஆசை இல்லை, உயிர் வாழ்ந்து என்ன என்ற எண்ணம் தலைகாட்டுகிறது என்றால் விளக்கோடும் எண்ணெயோடும் நிறுத்திக்கொள்ளாதீர்கள். 14416 என்ற இலவச எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை போடுவதுபோலத்தான் இதுவும். நான் அனுப்பிப் போனவர்களில் பலர் இன்றைக்கும் நோம்பிக்கு, அதாவது பண்டிகைக்கு, ஒப்புட்டு கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

அரப்பு வாங்கும்போது பொடி பச்சையாக இருக்கிறதா, வாசனை வருகிறதா என்று பாருங்கள். பழுப்பேறியிருந்தால் பழசு. ஒரு தலைக்கு இரண்டு கைப்பிடி ஆகும். குழந்தைகளுக்குக் குழைக்கும்போது தண்ணியாகவே குழையுங்கள்.